அக்காவின் இடது கை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காதில் விழுவதையெல்லாம் விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். பேருந்தில் யாராவது சண்டை போட்டால் அதையும் விடாது. அக்காவுக்கும் இதே வியாதிதான். பள்ளி முடிந்த கையோடு அப்பா எங்கள் இருவரையும் தட்டச்சுப் பயிலகத்தில் தள்ளிவிட்டார். விசைகளின்மேல் தகர மூடி போட்டு, கையைப் பார்க்காமலே அடிக்க வைத்தார்கள். பிறகு அக்கா முப்பது வருடம் பதிவாளர் அலுவலகத்தில் டைப் அடித்தாள், நான் நீதிமன்றத்தில். கனவில் யாராவது பேசினால்கூட எங்களுக்குப் பேச்சு காகிதத்தில் வரிவரியாக ஏறும்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பதினோரு நாளும் கனவு மாதிரியே கழிந்தது. அறுவை சிகிச்சையின் நடுவில் அக்காவின் இதயம் சற்று நேரம் நின்றுபோனது. அதன்பின் அவள் கண் திறக்கவில்லை. வாயில் குழாய், பக்கத்தில் அவளுக்காக மூச்சு விடும் இயந்திரம். வெள்ளைத் திரையில் பிற்பகல் வெயில் மெதுவாக அசையும். எனக்குக் கண் சொருகும், விழிக்கும், மறுபடி சொருகும்.

பத்தாம் நாள் டாக்டர் வந்தார். "மூளை வேலை செய்யற மாதிரி தெரியலைம்மா. குழாயை எடுத்துடலாம்."

அவளுக்கு என்னைத் தவிர யாருமில்லை. கட்டிலின் காலடியில் நின்று, "சரி, எடுத்துடுங்க" என்றேன். படிவத்தைப் பையில் வைத்தேன். மறுநாள் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

மறுநாள் நான் போனபோது அக்காவின் இரு மணிக்கட்டும் கட்டிலோடு கட்டியிருந்தது.

"காலையிலேர்ந்து விரல் நடுங்குது" என்றாள் நர்ஸ். "அப்பப்ப இடது கை மேல வருது. குழாயைப் பிடுங்கப் பாக்குறாங்க. அதான் கட்டிட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். விரல்கள் விரிப்பின்மேல் லேசாகத் துள்ளிக்கொண்டிருந்தன. அரைத் தூக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில துள்ளலுக்கு ஒருமுறை கட்டைவிரல் இறங்கியது. மறுபடி சில துள்ளல், மறுபடி கட்டைவிரல். நடுக்கத்துக்கு வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடத் தெரியுமா? அப்போது இடது மணிக்கட்டு, கட்டியிருந்த துணியை இழுத்தது.

தூக்கம் பறந்துபோனது. எங்கள் பழைய தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்தால் மணி அடிக்கும். இடது கையைத் தூக்கி, உருளையை வலப்பக்கம் தள்ள வேண்டும். அவள் குழாயைப் பிடுங்கவில்லை. அடுத்த வரிக்குப் போகிறாள்!

என் உள்ளங்கைகளை அவள் விரல்களுக்கு அடியில் கொடுத்தேன். எந்த விரல் எங்கே இறங்குகிறதோ, அதுதான் எழுத்து. "கையை அவிழ்த்துவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று வந்தது. உயிர் ஊசலாடும்போதும் அலுவலகப் பாஷை! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

டாக்டர் நம்பவில்லை. "நீங்க ஆசைப்படறதைத்தான் படிக்கிறீங்கம்மா."

"நான் வெளியில போறேன். அவ காதுல ஏதாவது சொல்லுங்க. வந்து படிக்கிறேன்."

வராந்தாவில் போய் நின்றேன். தப்பாகப் படித்தால் மூன்று மணிக்குக் கையெழுத்துதான். கூப்பிட்டதும் போய்க் கையை வைத்தேன். விரல்கள் அசையவே இல்லை. இயந்திரம் மட்டும் மூச்சு விட்டது. நான் நினைத்ததெல்லாம் வெறும் கனவோ என்று தோன்றியபோது, விரல்கள் இறங்கின.

"குதிரை" என்றேன்.

டாக்டர் குனிந்து அக்காவின் காதில், "அதேதான்மா நான் சொன்னது!" என்று கத்தினார். விரல்கள் நிற்கவில்லை. அடுத்த வரியையும் உரக்கப் படித்தேன்: "கத்த வேண்டாம். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்தாள். டாக்டர் யாரையோ அழைத்துவர ஓடினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் நேற்றும் கேட்டிருக்கும்.

"அக்கா," என்றேன். "நேத்து நான் டாக்டர்கிட்ட சொன்னது..."

அவள் நிதானமாக, பிழையில்லாமல் அடித்தாள்.

"கேட்டது. கோபம் இல்லை. பயமாக இருந்தது."

அவள் கைகளை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். என் கன்னத்தில் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். என்ன சொல்கிறாள் என்று என்னால் படிக்க முடியவில்லை.