குழாய்க்குள் போகாத செவலை

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை இடித்து, ஊருக்குள் வரிசை வீடு கொடுத்த நாளிலிருந்து செவலைக்கு வேலையில்லை. நல்லம்மாள் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும்போது கூடவே ஓடிய நாய், இப்போது அக்கம்பக்கத்துச் செருப்புகளைக் கடித்துக் குதறியது. நாயை அடக்கு, இல்லாவிட்டால் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று தெருவே கூடிச் சொல்லிவிட்டது. கோலா சிலாங்கூர் திடலில் நாய்களுக்கு ஓடவும் தாண்டவும் சொல்லிக்கொடுக்கிறார்கள், புதுசாகவும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு அழைத்து வந்தாள்.

பழக்குபவன் திலீப், ரவாங் டவுன் பையன். சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டுவோம், எந்த நாயையும் அவசரப்படுத்த மாட்டோம் என்று முதலில் இனிக்கத்தான் பேசினான். தரையோடு தாழ்த்திய கம்பைச் செவலை சும்மா தாண்டியது. ஆடும் பலகையில் திடுக்கிட்டாலும் ஏறி இறங்கியது. நீளமான துணிக்குழாய் முன்னால் வந்ததும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? தோட்டத்துச் சாலைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயில் மலைப்பாம்பு சுருண்டு கிடக்கும். நுழைந்த நாய் திரும்பாது. குட்டியிலேயே அதட்டி அதட்டி, குழாயைக் கண்டால் விலகப் பழக்கியவளே நல்லம்மாள்தான். அதைச் சொன்னாள். திலீப் காதில் வாங்கவில்லை. பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று செவலையின் இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினான். நாய் வீரிட்டது.

"கைய எடு தம்பி."

"எஸ்டேட் நாய் ஆன்டி, மூளை அவ்வளவுதான் லா. குழாய்க்குள்ள போவலன்னா சேத்துக்க முடியாது."

நல்லம்மாள் செவலையின் கயிற்றைக் கீழே போட்டாள். காலில் போட்டிருந்த சிலுவார் மண்ணாகுமே என்றும் பார்க்காமல் மண்டியிட்டு, தானே குழாய்க்குள் நுழைந்தாள். உள்ளே பாம்பில்லை என்று செவலை பார்க்கட்டும்.

வெளியே செவலை ஊரைக் கூட்டியது. பாதி தூரம் போயிருப்பாள், சட்டென்று குரைப்பு நின்றது. சிலுவாரின் கால் நுனியைப் பல் பிடித்தது. நாய் முழுசாக உள்ளே வந்து, நடுங்கிக்கொண்டே அவளைப் பின்னுக்கு இழுத்தது.

தவழ்ந்து வெளியே வந்தபோது திலீப் கை தட்டிக்கொண்டிருந்தான். குழாய்க்குள் போய்விட்டதே, பாஸாகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம் என்றான்.

"அது வெளையாடவா வந்துச்சு? நான் செத்துருவேன்னு வந்துச்சு. அதுக்குப் போயி கை தட்டுற." மூச்சு வாங்கியது. "பேர எழுதிக்க. அடுத்த வாரம் வருவோம். இன்னொரு தடவ இது மேல கை வச்சே, ஒன்னத்தான் உள்ள தள்ளுவேன்."

திலீப் பேரை எழுதிக்கொண்டான். செவலை மட்டும், குழாயை முறைத்தபடி, கடித்த சிலுவார் நுனியை விடவேயில்லை.