வாயை மூடுங்க, காது தெரியணும்

"சிரிச்சா ஏன்ப்பா வேற நாட்டுக்குள்ள விட மாட்டாங்க?"

பட்டாணி இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. ஸ்டூடியோ மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அப்பா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வேலை பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பது. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆளை உட்கார வைத்து, "வாயை மூடுங்க, காது தெரியணும், பல்லைக் காட்டாதீங்க" என்று விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் சொல்வது.

"சிரிக்கிறவனை எவன்மா நம்புவான்?" என்றார் அப்பா. திரைக்கு முன்னால் இருந்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். படத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

போட்டோக்காரருக்குத் தெருவில் 'நொட்டை' என்று பெயர். வானவில்லைக் காட்டினால் கோணலாக இருக்கிறது என்பார். அதிலும் வெளிநாடு சுற்றப் போகிறவர்கள் என்றால் அவருக்குத் தனி இளக்காரம். "பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்க நேரமில்லை. பறந்து போய் எவனோ கட்டின கோபுரத்தைப் பார்க்கப் போறாங்களாம்" என்பார். அவர் வீட்டில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. எட்டாத பழம் புளிக்கத்தானே செய்யும்?

அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்காள் புருஷன், இரண்டாம் முறையாக வெளிநாடு கிளம்பினார். ஊரில் அத்தனை ஸ்டூடியோ இருக்க, ஓசிப் படத்துக்கு இங்கே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சகலை, ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறீங்க, உங்க வீட்டுல ஒரு பாஸ்போர்ட் இல்ல. நீச்சல் சொல்லித்தர்றவர் குளிக்கப் பயந்த கதையால்ல இருக்கு!"

"வாயை மூடுங்க சகலை. மூடினாத்தான் படம்."

அன்று மாலை மனைவி பேச்சை எடுத்தாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். உட்கார்ந்து பேசுவதே அவளுக்கு ஓய்வு.

"பாஸ்போர்ட் கேக்காத ஊர் எத்தனையோ இருக்குங்க. பட்டாணிய எங்கயாவது கூட்டிட்டுப் போவோம். மலைக்குப் போலாமா?"

"ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும்."

"அருவி?"

"நம்ம வீட்டுக் குழாயே நிக்காமத்தான் ஊத்துது. அதுக்கடியில நில்லு."

"சரி, கடல்?"

"உப்புத் தண்ணி. அவ்வளவுதானே?"

"உங்களுக்கு ஆண்டவன் வாயை மட்டும் தாராளமாக் கொடுத்துட்டான்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சகலை திரும்பி வந்ததும் விருந்துக்கு அழைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்ட கோபுரங்களை எல்லாரும் சுவர் டிவியில் காண வேண்டியிருந்தது. எல்லாக் கோபுரத்தையும் அவர் வயிறு பாதி மறைத்திருந்தது. கடைசியில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்தார்கள். "சிரிங்க!" என்று சகலை கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். பட்டாணி மட்டும் இரண்டு கையாலும் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, உதட்டை இறுக மூடி, நேரே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க பாருங்க! இவளுக்கு விசா உடனே கிடைச்சிடும்!" என்றார் சகலை.

வீடே சிரித்தது. குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டாள்: "நான் சரியா நின்னேனாப்பா?"

அப்பா, காதுக்குப் பின்னால் கிடந்த அவள் முடியை முன்னால் எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தம் கைபேசியில் அவளுடைய படங்களை எல்லாம் தள்ளிப் பார்த்தார். பிறந்தநாள், பள்ளிக்கூடம், ஊஞ்சல், பூனைக்குட்டி. நிற்கப் பழகியதிலிருந்து ஒரு படத்திலும் சிரிப்பில்லை. காது மட்டும் எல்லாவற்றிலும் தெரிந்தது. இத்தனை நாள் 'நம் பிள்ளை அசையாமல் நிற்கிறாள்' என்று பெருமைப்பட்டவர் அவர்தான். ஊரான் படத்தில் நிழல் விழுந்தால் கண்டுபிடிக்கிற கண், சொந்த வீட்டில் குருடாகத்தான் இருந்திருக்கிறது.

"கடலுக்குப் போவோம்" என்றார். அவளை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துப் படமெடுக்காமல் திரும்புவதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மனைவி துணிகளை அடுக்கினாள். அவர் கேமராவோடு, படம் அச்சிடும் சின்ன மிஷினையும் பையில் திணித்தார்.

"அங்கயும் கடை போடப் போறீங்களா?"

"பழக்கம். விடு."

கடற்கரை விடுதி வாசலில் கால் வைத்ததுமே அவர் நாக்குக்கு வேலை வந்துவிட்டது. பக்கத்து அறையில் ஒருவர் தனியாகத் தங்கியிருந்தார். சட்டை முழுக்கக் கிளிகள். தலையில் குடை அகலத்துக்குத் தொப்பி. ஒரு கோலின் நுனியில் கைபேசியை மாட்டி, சுவர் பக்கம், செடி பக்கம் என்று நின்று தம்மையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தன் மூஞ்சியைத் தானே பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா? வீட்டுல கண்ணாடி இல்லையா?"

"மெதுவாங்க! காதுல விழும். அவர் உங்களை என்ன பண்ணாரு?"

காதில் விழுந்துவிட்டது. தொப்பிக்காரர் புன்னகைத்து, கோலை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் மணலில் பட்டாணியை உட்கார வைத்து அப்பா கேமராவைத் தூக்கினார். உடனே முடி காதுக்குப் பின்னால் போயிற்று.

"சிரிம்மா."

"பல்லு தெரியும்ப்பா."

"தெரியட்டும்."

"அப்புறம் திரும்பி வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

"விடுவாங்கடா கண்ணு" என்றாள் அம்மா. அவர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தத் தொடங்கினார்.

அப்போது தண்ணீர் ஓரமாகத் தொப்பிக்காரர் போய்க்கொண்டிருந்தார். ஒரு கணம் நின்றார். அப்புறம் ஐயோ என்று அலறி, காலை விரித்து, பொத்தென்று கடலில் உட்கார்ந்தார். கிளிகள் எல்லாம் நனைந்தன. தொப்பி சாய்ந்து மூக்கில் வந்து நின்றது. பட்டாணி திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி உதடு இறுகியது. மறு நொடி பொறுக்க முடியாமல் உடைந்து, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் விரல் பழக்கத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது.

"நடக்கவே தெரியல, கடலுக்கு வந்துட்டாரு" என்று அப்பா முணுமுணுத்தார். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

அறைக்கு வந்ததும் மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தொழில் வழக்கப்படி படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். விழுந்தவரின் காலடியில் அலை பூனைக்குட்டியைக்கூடப் புரட்டாது. அத்தனை சின்ன அலை. முந்தின படத்தில் தொப்பிக்காரர் குழந்தையின் இறுகிய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடுத்ததில் முழங்காலை மடித்து, இடம் பார்த்து உட்காருகிறார். அதற்கடுத்ததில் தண்ணீருக்குள் இருந்தபடி, நனையாமல் ஒரு கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பட்டாணி சிரித்துவிட்டாளா என்று எட்டிப் பார்க்கிறார். சிரித்துவிட்டாள் என்று தெரிந்து அவரும் சிரிக்கிறார்.

போட்டோக்காரர் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரக்கத்தைக் கடவுள் யார் தலையில் வைத்து அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்? கிளிச்சட்டைக்காரர் தலையில் வைக்கமாட்டான் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

விடியற்காலையில் அம்மாவும் மகளும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சின்ன மிஷினைக் குளியலறைக்குள் கொண்டுபோய், சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கடைசிப் படத்தை அச்சிட்டார். கோல் இல்லாமல், தொப்பிக்காரரை இன்னொருவர் கையால் எடுத்த படம். பக்கத்தில் சிரிக்க ஒரு குழந்தையும் இருந்தது. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. ஈரம் காய ஊதினார்.

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்து அறைக் கதவுக்கு அடியில் படத்தைத் தள்ளினார். பாதி போய், உள்ளே விரித்திருந்த கால்மிதியில் முட்டி நின்றது. அவர் தரையோடு தரையாகப் படுத்து, நகநுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். அது வழுக்கி உள்ளே போயிற்று. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தம் அறைக்கு ஓடினார்.