மூன்று கிலோ நூறுக்குள் ஒரு கிட்டார்

என் மனைவியின் இடது தோளின் விலை இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம். தள்ளுபடி கிடையாது, பேரம் கிடையாது, வாங்குமுன் தொட்டுப் பார்க்கிற பேச்சே கிடையாது. விலைமதிக்க முடியாதது என்று எதையாவது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் கையில் ரசீது இருப்பதில்லை. என்னிடம் இருக்கிறது.

நான் இரும்புச் சாமான் கடைக்காரன். அப்பா விட்டுப்போன கடையை அண்ணனும் நானுமாக நடத்துகிறோம். ஆணி, திருகு, கீல், வாஷர், எல்லாம் எடைக்குத்தான். எங்கள் குடும்பத்தில் சொன்ன விலைக்கு யாரும் எதையும் வாங்கியதில்லை. அண்ணன் பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டாவது பல்லுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று மருத்துவரைக் கேட்டார். அவருக்கு ஆடிக்கொண்டிருந்தது ஒரே பல்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவள். நாலு பேர் கொண்ட குழுவில் இருபத்திரண்டு வருஷமாக முன்வரிசையில் நின்று வாசிக்கிறாள். அவளுடைய பழைய கிட்டார் நாலு கிலோ முந்நூறு. அத்தனை வருஷமும் அது தொங்கியது இடது தோளில். போன வருஷம் அந்தத் தோளின் தசைநார் கிழிந்தது. ஆறு மாதம் ஓய்வு, பயிற்சி, மாத்திரை. கிழிசல் ஆறிவிட்டது, ஆனால் இனி அந்தப் பழைய பாறாங்கல்லைத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். உட்கார்ந்து வாசிக்கலாமா என்று கேட்டோம். உட்கார்ந்தால் தோள் முன்னால் வளைகிறது, அது இன்னும் கெடுதல் என்றார்.

குழுவை நடத்துகிறவர் டிரம்ஸ்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழா வருகிறது, சனிக்கிழமை மதியம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தார். அவசரமே இல்லை, உடம்புதான் முக்கியம் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று வேறு ஒருவரையும் பேசி வைத்திருப்பதாக முடித்தார். அவள் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். கடையிலிருந்து ஒரு துணிப்பை நிறைய ஆணி கொண்டுவந்து, பழைய கிட்டாரின் தோள் வாரை மட்டும் கழற்றி, அதில் கட்டி அவள் தோளில் மாட்டினேன். முதல் நாள் இரண்டரைக் கிலோ. அதோடு துணி மடித்தாள், போன் பேசினாள், வாசலில் கேஸ் கொண்டுவந்தவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தினம் கொஞ்சம் ஏற்றினேன். மூன்று கிலோ நூறில் இரண்டு மணி நேரம் நின்றாள், வலி இல்லை. மூன்று கிலோ நானூறில் நாற்பதாவது நிமிடம் இரண்டு விரல் மரத்துப்போனது. ஆக, தோளின் கொள்ளளவு மூன்று கிலோ நூறு. அதற்குள் ஒரு கிட்டார் வேண்டும்.

எங்கள் ஊர்க் கடையில் இருந்தவை எல்லாம் நாலு கிலோ ஜாதி. உள்ளே குடைந்து, தேர்ந்தெடுத்த மரத்தில் செய்கிற உயர்ந்த ரகம் ஆன்லைனில் மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். ஒரு கைக்குட்டையைக்கூட இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குகிற நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

தேடிப் பிடித்த ஆன்லைன் கடையில் ஒவ்வொரு கிட்டாருக்கும் தனிப் படம், தனி நம்பர். எடை மட்டும் போடவில்லை. அரட்டைப் பெட்டியில் பதில் சொன்ன பெண்ணிடம், கையிலிருக்கிற எல்லாவற்றையும் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். மறுநாளே மூன்று படங்கள் அனுப்பினாள். இரண்டு கிலோ எழுநூற்று எண்பது, இரண்டு கிலோ எண்ணூற்று எழுபது, மூன்று கிலோ முந்நூற்று நாற்பது. கடைசி விலை என்ன என்று கேட்டேன். போட்டிருக்கிற விலைதான் கடைசி என்றாள். நான் எங்கள் பரம்பரை வித்தையை எடுத்தேன்: பதில் சொல்லாமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். எந்த வியாபாரியும் இரண்டாம் நாள் சாயங்காலம் இறங்கி வருவான். இவள் வரவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ப் பார்த்தால், மிக லேசானது வேறு யாருக்கோ விற்றுப்போயிருந்தது.

மிச்சம் இரண்டு. கனமானதை வேண்டுமானால் பன்னிரண்டு சதவீதம் குறைத்துத் தருவதாக அவளே சொன்னாள். லேசானது முழு விலை. முப்பது வருஷமாக எடை ஏற ஏறக் காசு வாங்கிய கை இது. எடை குறையக் குறைய விலை ஏறுகிற சரக்கை அன்றுதான் பார்த்தேன். இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம், முழு விலையைக் கட்டினேன். பதினாலு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு என்னுடையது.

கிட்டார் வந்ததும் கடைத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ எண்ணூற்று எழுபது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். ஆணி வாங்க வந்த தச்சர் பாவம், ரசீதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அவள் தினமும் எடுத்து வாசித்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்பாள். கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தை தெரியும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பொருளைக் கீழே வைக்கிற வாடிக்கையாளர் வாங்கமாட்டார்.

ஒன்பதாம் நாள் பார்த்துவிட்டேன். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க அவள் இடது கையை எடுத்தாள். கிட்டாரின் கழுத்து மெதுவாகச் சரிந்து தரையைப் பார்த்தது. சட்டென்று பிடித்துக்கொண்டாள். பிடித்தவுடன் நான் பார்த்தேனா என்றுதான் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"பெட்டியப் பிரிச்ச அன்னைலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"வாழ்க்கைல முதல் தடவையா பேரம் பேசாம ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்க. அதப் போய் சரியில்லன்னு எந்த வாயால சொல்றது."

உடல் லேசு, கழுத்து கனம். தோளில் எடையே தெரியவில்லை, ஆனால் வாசிக்க வேண்டிய கை முழு நேரமும் கழுத்தைத் தாங்குவதிலேயே போகிறது என்றாள். வலி தோளிலிருந்து முழங்கைக்கு இடம் மாறியிருந்தது. சத்தம் எப்படி என்று கேட்டேன்.

"அதான் கொடுமை. இந்த மாதிரி சத்தம் என் கைலேர்ந்து வந்ததே இல்ல."

கணக்குப் போட்டேன். திருப்பி அனுப்ப இன்னும் ஐந்து நாள். விழாவும் அதே ஐந்தாம் நாள். அனுப்பினால் பணம் வரும், விழாவில் வேறொருவர் நிற்பார். ஒரு தடவை நின்றவர் அடுத்த தடவையும் நிற்பார். அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்று தெரிந்தது.

பத்து நாளாக வெளியூர் போயிருந்த அண்ணன் அன்று சாயங்காலம் வந்தார். விலை அவர் காதுக்கு அன்றுதான் எட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவன் லட்சக்கணக்கைப் படத்தைப் பார்த்துக் கொடுத்திருக்கிறான், தம்பிக்கு வயசாகிவிட்டது என்று என் மனைவியிடம் வருத்தம் தெரிவித்தார். பிறகு அந்த அதிசயத்தைக் காட்டச் சொன்னார். வாங்கிப் பார்த்தவர், வார் மாட்டுகிற இடத்தை விரலில் வைத்து, தராசுத் தண்டைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். கழுத்து சரிந்தது.

"எடை கேட்டியே, எந்தப் பக்கத்து எடைன்னு கேட்டியாடா?"

பிறந்ததிலிருந்து தராசோடு இருக்கிறவன் நான். ஒரு பொருளுக்குள்ளேயே இரண்டு தட்டு இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆணிப் பைக்குக் கழுத்து கிடையாதே.

அண்ணன் கடையைத் திறந்து ஒரு டப்பா பித்தளை வாஷர் எடுத்துவந்தார், ஒன்று பத்து கிராம். கிட்டாரில் ஓட்டை போட்டால் திருப்பி அனுப்ப முடியாது, அதனால் வாரின் பின் முனையில்தான் தொங்கவிட வேண்டும் என்று அவரே சட்டம் போட்டார். தோல் கையுறை ஒன்றின் மணிக்கட்டுப் பகுதியை வெட்டி அவள் சின்னப் பை தைத்தாள். கிட்டாரை மாட்டிக்கொண்டு கையை எடுப்பாள், கழுத்து சரியும், அண்ணன் ஒரு வாஷர் போடுவார். பத்தில் வேகமாகச் சரிந்தது. பதினேழில் யோசித்து யோசித்துச் சரிந்தது. பத்தொன்பதில் நின்றது. அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், போலீஸ் பிடித்த மாதிரி. வாஷர்கள் சலசலக்காமல் இருக்கப் பழைய துணியை அடைத்தோம்.

"குறைக்கறதுக்குக் காசு குடுத்துட்டு, ஏத்தறதுக்கு என்கிட்ட வர்றான்" என்றார் அண்ணன். வாஷருக்கு என் பேரில் பற்றும் எழுதிக்கொண்டார், சில்லறை விலையில்.

சனிக்கிழமை அந்தக் கம்பெனியின் அரங்கில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். பாட்டுகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் இடது கையை மட்டும். அன்றைக்கு இரண்டு விரல் மரத்த அந்த நாற்பதாவது நிமிடம் வந்தது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது, அவள் இடது கையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தாள், நிதானமாக, புருவம் வரைக்கும். கிட்டார் இருந்த இடத்தில் இருந்தது. அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அது யாரோ ஒரு அம்மாளின் கைப்பையின் மேல்.

மேடைக்குப் பின்னால் டிரம்ஸ்காரர் அடுத்த மாதத் தேதிகளை அவளிடம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

வண்டியில் வரும்போது தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எந்தத் தோள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு எழுதினேன்: சரக்கு திரும்பாது, இனிமேல் எடையோடு சேர்த்துக் கழுத்து சரியுமா என்பதையும் போடுங்கள். நன்றி சொன்னாள். இந்த யோசனைக்கு ஏதாவது கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சும்மா இருப்பதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

ரசீதின் பின்பக்கம் எழுதிவைத்தேன். தோள் தாங்குவது மூவாயிரத்து நூறு. அதில் கிட்டார் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது, பித்தளை வாஷர் பத்தொன்பதுக்கு நூற்றுத் தொண்ணூறு, தோல் பையும் நூலும் துணியும் இருபத்தைந்து. மிச்சம் பதினைந்து கிராம், அவள் வரவில்.