மந்திரியின் காரணங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் அந்தத் தெரு வியாபாரிகளின் ஆண்டு விழாவுக்கு எப்போதும் ஒரே நாடகம்தான். ராஜாவைக் கொன்ற மந்திரி, சடலத்தின் முன் நின்று ஏன் கொன்றேன் என்று பேசுவார். அடுத்து ராஜாவின் தளபதி பேசுவார். கீழே உட்கார்ந்திருக்கும் கடைக்காரக் குடும்பங்கள்தான் ஊர்மக்கள். யாருக்குச் சத்தம் அதிகமோ அவர் பக்கம் கதை முடியும். விதி அப்படி. நடைமுறையில் எந்த மந்திரியும் இதுவரை உயிரோடு மேடையிறங்கியதில்லை.

இந்த முறை மந்திரி வேடம் சௌக்கத் அலிக்கு. லுங்கி மொத்த வியாபாரி. கடையில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டி, பேரம் பேசுபவரை மனிதராகவே மதிக்காதவர். தளபதி, பக்கத்துக் கடைத் தேவப்பிரியம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வருகிறவரை முதலில் உட்கார வைத்து, அப்புறம்தான் துணியை விரிப்பார்.

"மந்திரி ஜெயிக்கற மாதிரி எய்திக் குடு," என்று மகள் மெஹ்னாஸிடம் சொன்னார் சௌக்கத் அலி. "ஜெயிச்சுட்டா நீ மணலி வேலைக்குப் போ. நான் குறுக்க நிக்கல."

மெஹ்னாஸ் வேதியியல் பட்டதாரி. மணலியில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அதற்காக அத்தாவிடம் அவள் அடுக்கிய காரணங்கள் எல்லாம் சரியானவை. ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அந்த அனுபவத்தில் நன்றாகப் பாடம் கற்று, மந்திரிக்கும் சரியான காரணங்களாகவே எழுதிக் கொடுத்தாள்.

சௌக்கத் அலி நன்றாகத்தான் பேசினார். ராஜா களஞ்சியத்தைக் காலி செய்தது, வீண் போருக்குப் போனது, வரியை ஏற்றியது, ஒவ்வொன்றுக்கும் சாட்சி. ஊர்மக்கள் தலையாட்டினார்கள். சிலர் பிரியாணி தேக்சாவைப் பார்த்துக்கொண்டே ஆட்டினார்கள். கடைசி வரி வந்தபோது அவருக்கு அது மறந்துபோயிற்று. வாய் தன் பழக்கத்துக்குப் போனது.

"அவ்ளோதான் மேட்டரு. புடிச்சிருந்தா எட்துக்கோ. இல்லேன்னா பக்கத்துக் கடையில போய்க் கேட்டுப் பாரு."

பக்கத்துக் கடை மேடை ஓரத்தில் தயாராக நின்றிருந்தது.

தேவப்பிரியம் வந்து சடலத்தின் அருகே தரையில் உட்கார்ந்தார். சடலம் டீக்கடை ரஹீம். அவன் முகத்தில் உட்கார்ந்த ஈயைத் துண்டால் விரட்டினார்.

"சாப்பிட்டியளா மக்களே?"

பல தலைகள் தேக்சாப் பக்கம் திரும்பின.

"மந்திரி சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்? ஆனா இந்த மனுசன் இருந்திருந்தா, பிள்ளையள வச்சுக்கிட்டு உங்கள இப்படிப் பசியோட உக்கார வச்சிருப்பாரா?"

களஞ்சியத்தைக் காலி செய்ததே இந்த மனுசன்தான் என்று சற்றுமுன் நிரூபணமாகியிருந்தது. ஒரு ஆதாரம்கூட இல்லை, கேள்வி மட்டும்தான் என்று மெஹ்னாஸ் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அதற்குள் காசிமேட்டு மீனைத் தெருமுனையில் விற்கும் சொக்கம்மாள், "ஐயோ, எங்க ராசாவே!" என்று மூக்கைச் சிந்தினாள். தேவப்பிரியம் துண்டை மடித்துச் சடலத்தின் தலைக்கடியில் வைத்தார்.

"தளபதி!" என்று ஒரு குரல் கிளம்பியது.

கல்லூரிக் கருத்தரங்கில், மைக் இருந்தும், இரண்டாம் வரிசையைத் தாண்டாத குரல் அது. மெஹ்னாஸுக்குக் கண் கலங்கியிருந்தது. தெருவே அந்தக் குரலோடு சேர்ந்துகொள்ள, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட மந்திரி திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது சௌக்கத் அலி வெடித்தார். "பெத்த பொண்ணு, அவன் பக்கம் கூவுற!"

"நீதான அத்தா பக்கத்துக் கடைக்குப் போவச் சொன்னே?"

"சரி, மணலிப் பேச்ச வுடு. அட்த்த வருசம் தளபதி வேசம் எனக்கு. அழுவ வைக்கிற மாதிரி எய்து."

"எய்த மாட்டேன்."

"ஏன்?"

அவள் சொல்லவில்லை. காரணம் சொன்னவருக்கு என்ன ஆகிறது என்பதைத் தெருவே இப்போதுதான் பார்த்திருந்தது.

"வேற யாரு எய்துவா?"

மெஹ்னாஸ் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

"இன்னாம்மா இப்டி பேஜாரு பண்ற?" கொஞ்ச தூரம் நடந்தார். தொண்டையைச் செருமினார். "அந்தக் கம்பெனி வண்டி... நம்ம தெருவாண்ட வருமா?"

எங்கே வரும், எப்போது வரும், யாரெல்லாம் ஏறுவார்கள் என்று அவள் பலமுறை விளக்கியதுதான்.

"வரும்," என்று மட்டும் சொன்னாள் மெஹ்னாஸ்.