இரண்டாவது சீட்டு

அந்த ஊரில் யாருக்கும் அவசரமே கிடையாது. அதுதான் குழாய்க்காரருக்கு வயிற்றெரிச்சல். பேருந்தை விட்டு இறங்கிக் கடலோரச் சாலையில் கருவிப் பையோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறார். எதிரே வருகிறவர்களோ ஐஸ்கிரீமும் கையுமாக, நாய்க்குட்டி முகரும் இடத்திலெல்லாம் நின்று, ஆற அமர வருகிறார்கள். காற்று வாங்கவே காசு கொடுத்து வந்தவர்கள், அவர்களைச் சொல்லி என்ன பயன்?

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க இவர் தயார். எல்லாம் பொருந்திவிட்டது, நாளைக் காலை அறுவை. தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று சர்ஜன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அனுமதிப் படிவத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு விழுந்தாயிற்று. மூன்றாவது போடவேண்டிய பெரிய டாக்டர், படிவம் மேசைக்கு வந்த அன்றே விடுப்பு எடுத்துக்கொண்டு கடல் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவருடைய எழுத்தர்தான் பாவம் பார்த்து, ஓட்டலையும் அறை எண்ணையும் காதோடு காதாகச் சொன்னார். மாலை ஐந்துக்குள் படிவம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இப்போதே பன்னிரண்டு. திரும்பும் பேருந்து ஒன்றரைக்கு; அதை விட்டால் எல்லாம் போச்சு.

ஓட்டல் காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"தங்கியிருக்கறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்க."

"ஒரே ஒரு கையெழுத்துப்பா. ரெண்டு நிமிஷம்."

"உள்ள விட்டா என் வேலை போயிடும்ணே. புரிஞ்சுக்கங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியின் முகத்தையே இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் கட்டடங்களைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். முன்வாசலில் எவ்வளவு கெடுபிடியோ, பின்வாசலில் அவ்வளவு அலட்சியம். சுற்றிக்கொண்டு போனார். குப்பைத் தொட்டிகளுக்கும் அழுக்குத் துணி மூட்டைகளுக்கும் நடுவே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"பன்னிரண்டாம் நம்பர்ல தண்ணி ஒழுகுதாமேம்மா?"

பச்சைப் பொய். ஆனாலும் உப்புக் காற்று அடிக்கிற ஊரில் ஒழுகாத குழாய் ஏது? அந்த அம்மாள் சந்தேகமே படவில்லை.

"வந்தீங்களே, மகராசன்! முடிச்சதும் ரூம்ல இருக்கறவர்கிட்ட இதுல கையெழுத்து வாங்கிடுங்க" என்று, வேலைச் சீட்டுகள் செருகிய அட்டையைக் கையில் திணித்தாள்.

டாக்டர் காதில் போனோடு கதவைத் திறந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. எங்கோ படகுச் சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். பையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் குளியலறையைக் கை காட்டினார். உள்ளே வாஷ்பேசின் குழாய் நிஜமாகவே சொட்டிக்கொண்டிருந்தது!

அப்போதே படிவத்தை நீட்டியிருக்கலாம். ஆனால் சொட்டும் குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பேச்சுப் பேச அந்த மனிதருக்கு வராது. பிறவிக் குணம், என்ன செய்ய? வாஷர் மாற்றினார், நட்டை இறுக்கினார், துணியால் துடைத்தும் விட்டார். வெளியே வந்து சீட்டை நீட்டினார். டாக்டர் பேச்சை நிறுத்தாமல், சீட்டைப் பார்க்காமல், கிறுக்கிக் கொடுத்தார்.

"சார், இன்னொண்ணு..." படிவத்தை எடுத்து நீட்டினார். "என் சம்சாரத்துக்கு நாளைக்கு ஆபரேஷன். உங்க கையெழுத்துதான் பாக்கி."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "இங்கயுமா? லீவுல இருக்கேன்யா. திங்கக்கிழமை ஆபீசுக்கு வா."

"திங்கக்கிழமை வரைக்கும் அவ இருக்க மாட்டா சார்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வந்த வேலை முடிஞ்சுதுல்ல? கிளம்பு."

போன் மறுபடி காதுக்குப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அட மடையா! சீட்டுக்கு அடியில் படிவத்தைச் செருகி நீட்டியிருந்தால் அதிலும் பார்க்காமலே போட்டிருப்பாரே!

"சாமானை எடுத்துக்கறேன் சார்" என்று குளியலறைக்குத் திரும்பினார். ஸ்பேனரை நட்டின் மேல் வைத்தார். இருபத்தாறு வருஷம் இறுக்கியே பழகிய கை, எதிர்ப்பக்கம் திரும்ப மறுத்தது. வீங்கிப்போன அவள் முகம் நினைவுக்கு வந்தது. திருப்பிவிட்டார்.

தண்ணீர் கூரை வரை பீய்ச்சியடித்தது. டாக்டர் ஓடிவந்தார், கத்தினார், நனைந்தார். கீழே யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். குழாய்க்காரர் ஒரு பக்கம் நட்டை இறுக்கினார், மறுபக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கையெழுத்து இடம் மட்டும் தெரிய மடித்த படிவத்தை அட்டையில் செருகினார். திங்கட்கிழமை கண்டுபிடித்தால் பிடிக்கட்டும். அதற்குள் தன் சிறுநீரகம் அவளுக்குள் இருக்கும். அதை யார் பிடுங்குவது?

"மன்னிச்சுக்கங்க சார். ரெண்டாவது வேலைக்கு இன்னொரு சீட்டு."

"கொண்டா! முதல்ல இடத்தைக் காலி பண்ணு!"

போட்டார். போட்டே விட்டார்.

பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் மனைவிக்குப் போன் செய்தார். "வாங்கிட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

"எப்படிங்க? துரத்தி விடலையா?"

"அவர் ரூம்ல குழாய் ஒழுகுச்சு. சரி பண்ணிக் குடுத்தேன். போட்டுட்டார்."

"அதானே! உங்க வேலை சுத்தத்தைப் பாத்தா யாருக்குத்தான் மனசு இளகாது? இத்தனை வருஷ உழைப்புங்க, அது வீண் போகுமா?" என்றாள் அவள், மூச்சு வாங்க வாங்க.

அவர் மடியிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் அடியில் தள்ளினார். "பேசாம படுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.