தர்சிகா அனுப்பாத இடைமுகம்

மருதனார்மடத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தில், செந்தூரனுக்கு அந்தக் கிழமை ஒரே வேலைதான். கூட வேலை செய்யும் தர்சிகா நான்கு மாதமாக எழுதிய இடைமுகம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு அனுப்பத் தகுதியானதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். அவற்றில் ஒன்றுக்குத் தரவு வந்தால், செய்கிற வேலையை விட்டு இதைப் பார் என்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் குறுக்கீடு. அவர்கள் பாவித்த சாதனங்களில் அந்தத் தட்டல் இடையிலிருக்கும் ஒரு நிரலை எழுப்பி, அதன் வழியாகவே போனது. தர்சிகாவின் இடைமுகத்தில் கேர்னலே அதை நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செந்தூரன் மூன்று நாள் அளந்தான். தாமதம் பாதியாகக் குறைந்திருந்தது. இப்படியொன்றைத் தன்னால் எழுத முடியுமா என்று கூட யோசித்தான். தாராளமாக அனுப்பலாம் என்று பொறுப்பாளர் றஜனிக்கு எழுதிக் கொடுத்தான்.

அடுத்த நாள் கூட்டத்தில் தர்சிகாவே அனுப்ப வேண்டாம் என்றாள். ஓடுகிற மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் வேறு இயந்திரத்துக்கு மாற்றிப் பார்த்திருக்கிறாள். ஆயிரம் தடவை மாற்றினால் ஒரு தடவை, புறப்பட்டு இன்னும் போய்ச் சேராத குறுக்கீடு பழைய இயந்திரத்திலேயே தொலைந்தது. அதை வாசித்தெடுத்துக் கூடவே கொண்டுபோக அவளுடைய இடைமுகத்தில் வழியில்லை. செந்தூரன் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே இல்லை.

இப்போது அனுப்பிவிட்டுப் பிறகு திருத்தலாம்தானே என்று றஜனி கேட்டார்.

"கேர்னலுக்குள்ளை போனால் பிறகு மாத்தேலாது, அக்கா," என்றாள் தர்சிகா. "இதை நம்பி ஆர் ஆரோ நிரல் எழுதுவினம். என்ரை பிழையை அவையள் காலம் முழுக்கச் சுமக்க வேண்டி வரும்."

றஜனி சம்மதித்தார். அன்று மத்தியானம் தர்சிகா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நான்கு மாத உழைப்பைத் தன் வாயாலேயே வேண்டாம் என்றவளின் மேசைக்குச் செந்தூரன் போனான். மறுபடி எழுதத் தானும் சேரவா என்று மட்டும் கேட்டான். ஓம் என்றாள்.

இந்தமுறை சோதனைகளை முதலில் எழுதினார்கள். புதிய இடைமுகத்தை விட்டுவிட்டு, கேர்னலில் ஏற்கெனவே இருந்த இடைமுகத்தோடு ஒரு சிறு வசதியை மட்டும் தர்சிகா சேர்த்தாள். ஆயிரத்து இருநூறு வரி நூற்றெண்பதானது. வேகம் முன்னளவு கூடவில்லை. ஆனால் செந்தூரன் எத்தனை தடவை இயந்திரம் மாற்றிச் சோதித்தும் ஒரு குறுக்கீடும் தொலையவில்லை. கேர்னலைப் பராமரிப்பவர்கள் இரண்டு தடவை திருப்பி அனுப்பி, மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்கப்பட்ட நிரலில் சோதித்தவர் என்று தன் பெயர் இருப்பதைக் கண்டு செந்தூரன் கூசிப்போனான். முதல்தரம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்றவன் நான், பெயரை எடுத்துவிடுங்கள் என்றான்.

"இரண்டாந்தரம் எல்லாத்தையும் நீங்கள்தானே சோதிச்சனீங்கள்," என்று சொல்லிவிட்டுத் தர்சிகா அடுத்த வேலையைத் திறந்தாள்.