மூடிய குழாய்

எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஏன் டீச்சர்'. யார் என்ன விடை சொன்னாலும், சரியோ தப்போ, அடுத்து அவள் வாயில் வருவது "ஏன்?" என்பதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பில் 'நூறு டீச்சர்'. அவளிடம் கணக்குப் படிக்கிற எந்தப் பிள்ளையும் நூற்றுக்குப் பக்கத்தில் வாங்காமல் வெளியே வராது. இதில் வம்பு என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்கள். நூறு டீச்சர் மூத்தவள், ஏன் டீச்சர் இளையவள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போவார்கள்.

அன்று கடைசி மணி அடித்ததும் தலைமையாசிரியை ஏன் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காருங்க டீச்சர். மார்க்கை மட்டும் வெச்சு எங்களை எடை போடாதீங்கன்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் நீங்கதானே சண்டை போட்டீங்க? இந்த வருஷம் மூணு விதமா பார்த்திருக்கோம். போன வருஷத்துல இருந்து பிள்ளைங்க மார்க் ஏறிச்சா இறங்கிச்சா, அது ஒண்ணு. வகுப்புல வந்து உட்கார்ந்து பார்த்தது ஒண்ணு. பிள்ளைங்க சொன்ன கருத்து ஒண்ணு."

"நல்லதுதானே மேடம்."

"நல்லது இல்லை. மூணுமே உங்களுக்கு எதிரா இருக்கு. அடுத்த பருவத்துல இருந்து எட்டாம் வகுப்பை உங்க அக்கா எடுத்துப்பாங்க. நீங்க லைப்ரரியைப் பாருங்க. அதுவரைக்கும் தினம் ஒரு மணி நேரம் அவங்க வகுப்புல உட்கார்ந்து எப்படிப் பாடம் நடத்தறாங்கன்னு கத்துக்குங்க. இதுல ஒரு கையெழுத்து."

வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவளுக்குக் காது மடல் சுட்டது. பேனாவைத் தொடாமல் தாளை மட்டும் இழுத்துப் படித்தாள்.

ஏழாம் வகுப்பு முடிவில் இந்தப் பிள்ளைகளின் சராசரி தொண்ணூற்று இரண்டு. அவள் கைக்கு வந்த பிறகு அறுபத்து மூன்று.

"அந்தத் தொண்ணூத்தி ரெண்டு யார் போட்டது மேடம்? கேள்வித்தாள் யாரு? திருத்தினது யாரு?"

"ஏழாம் வகுப்பு டீச்சர்தான்."

"என் வகுப்புல வந்து உட்கார்ந்து எழுதினது?"

"சீனியர்ங்கிற முறையில... அவங்கதான்."

மூத்தவள் எழுதியிருந்ததையும் படித்தாள். ஒரே கணக்கில் முக்கால் மணி நேரம் செலவழிக்கிறார். பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள். பிள்ளைகளிடம் கேட்ட முதல் கேள்வி, 'கேட்டவுடன் டீச்சர் விடை சொல்வாரா?' என்பது. இல்லை, இல்லை, இல்லை என்று வகுப்பே எழுதியிருந்தது.

"இந்தக் கேள்வியை யார் எழுதினாங்கன்னு நான் கேட்கவே வேண்டாம் போல. இது மூணு தராசு இல்லை மேடம். ஒரே தராசை மூணு தடவை தூக்கிக் காட்டியிருக்கீங்க."

"கோவப்படாதீங்க டீச்சர்."

"கோவப்படாம?"

தாளின் அடியில் ஒரு பிள்ளை தானாக எழுதிய வரி இருந்தது. 'சரியா சொன்னாலும் ஏன்னு கேக்கறாங்க. சரியா தப்பான்னு தெரியாம வயிறு கலங்குது.' அந்த வரியில் மட்டும் அவள் கண் நின்றது.

"இது ஒண்ணு நியாயம். இதை எடுத்துக்கறேன். மத்ததுக்கு, நாளைக்குப் பத்து நிமிஷம் நீங்களே வாங்க. ரெண்டு வகுப்புக்கும் ஒரே கணக்கு. நீங்களே கேளுங்க. பார்த்த பிறகும் இதேதான்னா கையெழுத்துப் போடறேன்."

வீட்டில் அன்று பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. புருஷன் மெதுவாக அருகில் வந்தான்.

"அண்ணி மேல புகார் சொன்னியாமே. வீடு ரெண்டாயிடும், விட்டுடேன்."

"என் வேலை போகும்போது வீடு ஒண்ணா இருந்துச்சா? அப்போ மட்டும் யாரும் பதறலை."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மூத்தவள் நிமிராமலே சொன்னாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். பார்க்கட்டுமே, எனக்கென்ன. என் பிள்ளைங்களுக்குக் குழாய்க் கணக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு."

"அப்போ குழாய்க் கணக்கே கேட்கட்டும் அக்கா" என்றாள் இளையவள். கத்தி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

மறுநாள் முதலில் ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் கை கட்டி, முதுகு நிமிர்த்தி, அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் டீச்சர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததைத் தலைமையாசிரியை படித்தார்.

"ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்துல நிரப்பும். இன்னொரு குழாய் மூணு மணி நேரத்துல..."

"ரெண்டு மணி நேரம்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருங்கப்பா, நான் இன்னும் முடிக்கலை. ரெண்டாவது குழாய் மூடியிருக்கு. தொட்டி எப்போ நிரம்பும்?"

"ரெண்டு மணி நேரம்." இந்தத் தடவை இன்னும் சத்தமாக.

சிரிப்பு போய்விட்டது. நிறுத்தி நிதானமாக, மூடியிருக்கு என்பதை அழுத்தி, மறுபடி படித்தார். மறுபடியும் இரண்டு மணி நேரம். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து மரியாதையாகச் சொன்னாள். "மேடம், நாங்க படிச்சதுல குழாயை மூட மாட்டாங்க."

நூறு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டாம் வகுப்பு சந்தைக்கடை. அதே கணக்கு.

"ரெண்டு" என்றான் ஒருவன்.

"எப்படிடா ரெண்டு? அதான் மூடியிருக்குன்னு சொன்னாங்களே, காதுல பஞ்சா?"

"அப்போ ஆறு."

"தொட்டி காலியா இருந்தாத்தான் ஆறு" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண். "காலியா இல்லையான்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

தலைமையாசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அது இல்லைதான்.

ஏன் டீச்சருக்கு வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வயிறு கலங்கிய பிள்ளை நினைவுக்கு வர, விழுங்கினாள். "சரி. ரொம்பச் சரியா கேட்டே. இப்போ ஏன்னு எல்லாருக்கும் சொல்லு." அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கே சுருக்கென்றது. 'சரி' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை நாளா?

வராந்தாவில் தலைமையாசிரியை குரலைத் தணித்தார். "எட்டாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு, அதை மட்டும் விட்டுடுங்க."

"பிள்ளைங்க கணக்கைத் தப்பாப் போட்டா கோடு போட்டு அடிச்சுட்டுத் திரும்பப் போடச் சொல்றோம். பெரியவங்க போட்டா மட்டும் விட்டுடணுமா? நாளைக்கு இன்னொருத்தரை இதே தாளைக் காட்டி லைப்ரரிக்கு அனுப்புவீங்க. அவங்களுக்கு வாய் இருக்குமோ இருக்காதோ."

"சரி, அப்போ ஏழாம் வகுப்பை நீங்க உட்கார்ந்து பார்த்து எழுதுங்க. சரியாப் போச்சா?"

அவளுக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் சும்மா என்பது போலப் புதுக் கோபம் வந்தது. "செஞ்ச தப்பையே திரும்பச் செய்யணுமா மேடம்? நாங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்படி. நான் அவங்களைப் பத்தி எழுதறதும் தப்பு, அவங்க என்னைப் பத்தி எழுதினதும் தப்பு. வெளியாளை வரச் சொல்லுங்க. ஒரு தடவை இல்லை, நாலஞ்சு தடவை வரட்டும். வருஷ ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரே மாதிரி பரீட்சை வைங்க, வேற யாராவது திருத்தட்டும். பிள்ளைங்ககிட்ட உருப்படியா நாலு கேள்வி கேளுங்க. என்னையும்தான் பார்க்கட்டும், நான் ஒண்ணும் ஓடலை."

தலைமையாசிரியை கையிலிருந்த துண்டுத் தாளை நாலாக மடித்தார். பிறகு, "அறிக்கையைத் திரும்ப வாங்கறேன்" என்றார்.

சாயந்திரம் ஸ்கூட்டர் பக்கத்தில் மூத்தவள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என் பிள்ளைங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட இல்ல."

"என் வேலையை வாங்கப் பார்த்தீங்க அக்கா."

"நான் சேர்ந்த காலத்துல மார்க் ஒண்ணுதான் அளவு. குறைஞ்சா மறுநாளே வராதேன்னு சொல்லிடுவாங்க. என்கூடச் சேர்ந்தவ அழுதுக்கிட்டே போனதைப் பார்த்தவ நான். அந்தப் பயம் உனக்குத் தெரியுமா?"

"நேத்து சாயந்திரத்துல இருந்து தெரியும். ஆனா உங்க பயத்தை அந்தப் பிள்ளைங்க தலையில கட்டி, மிச்சத்தை என் தலையில கட்டினீங்க. அதை என்னால மறக்க முடியாது."

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஆனால் போகவில்லை. உறுமிக்கொண்டே நின்றது வண்டி.

"ஏறு."

"எனக்குக் கோவம் போகலை அக்கா."

"எனக்கும்தான் போகலை. யார் போகச் சொன்னா? ஏறு."

இளையவள் சாப்பாட்டுப் பையை இருவருக்கும் நடுவில் இடித்தாற்போல் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.